கின்ஷாசாவிலிருந்து லுபும்பாஷிக்கு: தூரம், பறக்கும் நேரம், டிக்கெட்டில் காணாமல் போகும் ஒரு மணி

கேள்வி இது: "வேலை விஷயமாகக் கின்ஷாசா போய், அங்கிருந்து லுபும்பாஷிக்குப் போக வேண்டும். நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? ஒரு தளம் 1,553 கி.மீ. என்கிறது, இன்னொன்று 1,570 என்கிறது, வேறொன்று 2,300-க்கு மேல் என்கிறது. டிக்கெட்டைப் பார்த்தால் போக 3 மணி 20 நிமிடம், திரும்பி வர 1 மணி 20 நிமிடம். எதை நம்புவது?"

முதலில் விடை. இரண்டும் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில் உள்ள ஊர்கள். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர் வான்வழி தூரம் சுமார் 1,553 கி.மீ., அதாவது 838 கடல் மைல். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 மாதிரியான ஜெட் விமானத்தில் கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை 2 மணி 15 நிமிடத்திலிருந்து 2 மணி 30 நிமிடம். போக ஆகும் நேரமும் வர ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். டிக்கெட்டில் நீங்கள் பார்த்த வித்தியாசம் முழுக்கக் கடிகாரத்தால் வந்தது.

காங்கோ ஜனநாயகக் குடியரசுக்குள் இரண்டு நேர மண்டலங்கள் உண்டு. மேற்கே கின்ஷாசா உலகப் பொது நேரத்துக்கு ஒரு மணி முன்னால். கிழக்கேயும் தென்கிழக்கேயும் உள்ள பகுதிகள், லுபும்பாஷி உட்பட, இரண்டு மணி முன்னால். உள்நாட்டு விமானம்தானே என்று யாரும் நேர மண்டலத்தை யோசிப்பதில்லை, அங்கேதான் சறுக்குகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கு, சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கு. காலை 9.00-க்குக் கின்ஷாசாவில் கிளம்பி 12.20-க்கு லுபும்பாஷி என்று போட்டிருந்தால், அந்த 12.20 கின்ஷாசா கடிகாரத்தில் 11.20. பறந்தது 2 மணி 20 நிமிடம். திரும்பும்போது 13.30-க்குக் கிளம்பி 14.50-க்குச் சேர்ந்தால், அந்த 14.50 லுபும்பாஷியில் 15.50. அதுவும் 2 மணி 20 நிமிடமே. கிழக்கே போனால் டிக்கெட் காட்டும் வித்தியாசத்தில் ஒரு மணியைக் கழிக்க வேண்டும், மேற்கே வந்தால் ஒரு மணியைக் கூட்ட வேண்டும்.

இந்த ஒரு மணி சும்மா போட்டதல்ல. இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 12 பாகைக்குச் சற்று மேல். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியக் கணக்கிலேயே 48 நிமிடம் வந்துவிடும். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் வழக்கம் அங்கே இல்லாததால் ஆண்டு முழுவதும் இதே கணக்குதான். இந்தியாவிலிருந்து பார்த்தால் கின்ஷாசா நாலரை மணி பின்னால், லுபும்பாஷி மூன்றரை மணி பின்னால். தொலைபேசியில் சந்திப்பு குறிக்கும்போது 'பத்து மணி' என்று மட்டும் சொல்லி விடாதீர்கள், கின்ஷாசா நேரமா லுபும்பாஷி நேரமா என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

இனி தூரம். 1,553 என்பது நம்பத் தகுந்த எண்தானா என்று கையால் போட்டே பார்த்துவிடலாம். கின்ஷாசாவின் என்ஜிலி விமான நிலையம் தெற்கு 4.39, கிழக்கு 15.44 பாகையில் இருக்கிறது. லுபும்பாஷியின் லுவானோ விமான நிலையம் தெற்கு 11.59, கிழக்கு 27.53. அட்சரேகை வித்தியாசம் 7.2 பாகை, பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 801 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 12.09 பாகை. இதை 111.2-ஆல் பெருக்கி, நடு அட்சரேகையான 8 பாகையின் கொசைன் மதிப்பு 0.990-ஆலும் பெருக்கினால் 1,331 கி.மீ. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 1,553 வரும். பூமியின் வளைவைச் சரியாகக் கணக்கில் எடுக்கும் கோள முறையிலும் அதே எண்தான் கிடைக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடக் கணக்கு தாராளமாகப் போதும். ஐரோப்பா, கனடா பக்கம் நீண்ட தூரத்துக்கு இதைப் போட்டால் உதைக்கும்.

1,570 எங்கிருந்து வந்தது? நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்தால் ஏறக்குறைய அந்த எண் வரும். என்ஜிலி, கின்ஷாசா நகர நடுவிலிருந்து 25 கி.மீ. கிழக்கே, லுபும்பாஷி பக்கமாகவே தள்ளி இருக்கிறது. அதனால் விமான நிலையக் கணக்கில் தூரம் கொஞ்சம் குறைகிறது. 2,300-க்கு மேல் என்பது சாலை தூரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் இன்னொரு விஷயம் தெரியும். அந்தக் கோடு முழுக்கக் காங்கோவுக்குள் ஓடுவதில்லை. நடுவில் சுமார் 200 கி.மீ. அங்கோலாவின் வடகிழக்கு மூலையை, டுண்டோ ஊருக்குச் சற்றுத் தெற்கே, வெட்டிக்கொண்டு போகிறது. உள்நாட்டுப் பயணம், ஆனால் நேர்கோடு அயல்நாட்டின் வானத்தில்! அந்த மூலையைச் சுற்றிக் காங்கோ எல்லைக்குள்ளேயே வளைந்து போனாலும் கூடுவது 15 கி.மீ. மட்டுமே, ஜெட்டுக்கு ஒரு நிமிட வேலை. ஆக, தளத்துக்குத் தளம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

1,553-ஐ மணிக்கு 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 1 மணி 52 நிமிடம்தான் வருகிறது, பிறகு எப்படி இரண்டேகால் மணி என்று கேட்கலாம். விமானம் முழு வேகத்தில் பறப்பது நடுப்பகுதியில் மட்டும். ஏறுவதற்கு 20 முதல் 25 நிமிடம், அதற்குள் கடக்கும் தூரம் 220 கி.மீ. அளவுக்குத்தான். இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. மிச்சமுள்ள 1,100 கி.மீ.-ஐ 80 நிமிடத்தில் கடந்துவிடும். ஆகாயத்தில் இருப்பது மொத்தம் 2 மணி 5 முதல் 10 நிமிடம். அதோடு ஓடுதளத்துக்கு உருண்டு போவது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் சேர்ந்து இன்னும் பத்து, பதினைந்து நிமிடம். விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது இந்த மொத்தத்தை. காற்றினால் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த அட்சரேகையில் மேல்காற்று பொதுவாக மெலிந்தது, சில நிமிடங்கள் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான்.

விமானத்தின் வகைதான் நேரத்தை மாற்றும். டாஷ் 8 க்யூ400 போன்ற வேகமான புரொப்பெல்லர் விமானம் என்றால் இரண்டே முக்கால் மணி ஆகும். ஏடிஆர் 72 என்றால் மூன்றேகால் மணிக்கு மேல். காங்கோ ஏர்வேஸ் நிறுவனம் ஏ320-ஐயும் க்யூ400-ஐயும் கலந்து ஓட்டியிருக்கிறது. 2024 இறுதியில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 49 சதவீதப் பங்கோடு தொடங்கிய ஏர் காங்கோ 737-800 விமானங்களோடு வந்தது. டிக்கெட் எடுக்கும்போது விமான வகை என்ன என்று பார்ப்பது நல்லது. நிறுவனத்தின் செலவில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காங்கோவில் உரிமம் பெற்ற விமான நிறுவனங்கள் 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. சில நிறுவனங்களின் பயண விதியும் காப்பீடும் அந்தப் பட்டியலை வைத்தே எழுதப்பட்டிருக்கும். போகுமுன் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, விமானம் நேராகப் போகிறதா, நடுவில் நிற்கிறதா என்பது. முபுஜி-மாயியிலோ கனங்காவிலோ ஒரு நிறுத்தம் வைத்துப் போவது உண்டு. முபுஜி-மாயி வழியாகப் போனால் 920-ம் 750-ம் சேர்த்து 1,670 கி.மீ. தூரத்தில் கூடுவது 115 கி.மீ.தான், நேரத்தில் கூடுவதோ ஒன்றரை மணி. இறங்கி, ஆளை மாற்றி, சாமானை மாற்றி, எண்ணெய் போட்டு மறுபடி ஏறும் நேரம் அது. முபுஜி-மாயியும் லுபும்பாஷி நேரத்தில்தான் ஓடுகிறது என்பதால் கடிகாரம் நடு நிறுத்தத்திலேயே ஒரு மணி தாவிவிடும். டிக்கெட்டில் 'நிறுத்தங்கள்' என்ற இடத்தில் சுழியம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே விமான எண் என்பதால் இடைநில்லா விமானம் என்று ஆகிவிடாது.

கின்ஷாசாவில் இரண்டு விமான நிலையங்கள். பெரியது என்ஜிலி, குறியீடு எஃப்.ஐ.எச். ஊருக்குள்ளேயே இருக்கும் சின்னது என்டோலோ, குறியீடு என்.எல்.ஓ. 1996 ஜனவரியில் என்டோலோவிலிருந்து கிளம்பிய ஆன்டனோவ் சரக்கு விமானம் மேலெழ முடியாமல் ஓடுதளத்துக்கு அப்பாலிருந்த சந்தைக்குள் பாய்ந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இன்று அது சிறு விமானங்களுக்கான இடம். லுபும்பாஷிக்குப் போகும் ஜெட் என்ஜிலியிலிருந்துதான் கிளம்பும். இருந்தாலும் வாடகைக் கார்க்காரரிடம் 'விமான நிலையம்' என்று மட்டும் சொல்லாமல் என்ஜிலி என்றே சொல்லுங்கள்.

உண்மையில் இந்தப் பயணத்தில் நீளமான பகுதி வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. கின்ஷாசாவின் நடுவிலுள்ள கோம்பே வட்டாரத்திலிருந்து என்ஜிலிக்கு 25 கி.மீ. லுமும்பா பெருஞ்சாலை காலையிலும் மாலையிலும் அடைத்துக்கொள்ளும். முக்கால் மணியிலும் போய்ச் சேரலாம், மழை பெய்த நாளில் மூன்று மணியும் ஆகலாம். காலை 9 மணி விமானத்துக்கு 5 மணிக்கே வண்டியில் ஏறிவிடுவது புத்திசாலித்தனம். உள்நாட்டு விமானமே என்றாலும் வெளிநாட்டவரின் கடவுச்சீட்டையும் விசாவையும் குடிபெயர்வுத் துறையினர் புறப்படும் இடத்திலும் பார்ப்பார்கள், சேரும் இடத்திலும் பார்ப்பார்கள். இரண்டின் நகல்களையும் நாலைந்து எடுத்துத் தனியாக வைத்திருங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டை நாட்டுக்குள் நுழையவே கட்டாயம், உள்நாட்டுப் பயணத்திலும் கைப்பையில் இருக்கட்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பது 2016 முதல் உள்ள விதி. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். திரும்பி வரும்போதும் அட்டை வேண்டும்: காங்கோவிலிருந்து அட்டையில்லாமல் இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது.

கோ-பாஸ் என்று ஒரு கட்டணம். விமான நிலைய மேம்பாட்டுக்காக 2009 முதல் ஒவ்வொரு பயணியிடமும் வாங்குவது. உள்நாட்டுக்கு 10 டாலர், வெளிநாட்டுக்கு 50 டாலர் என்பது நெடுநாள் இருந்த வீதம். டிக்கெட்டிலேயே வரி வரிசையில் சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று விமான நிறுவனத்திடம் முன்னாலேயே கேளுங்கள். தனியாகக் கட்டுவதென்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டாலர் நோட்டு விஷயத்தில் அந்த நாடு கண்டிப்பானது. ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் கிழிசல் இருந்தாலும், பேனாக் கிறுக்கல் இருந்தாலும், தலைப்படம் சிறிதாக அச்சான பழைய நோட்டாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். ஒரு டாலர் நோட்டையும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். ஊரிலிருந்து புறப்படும்போதே மொறுமொறுப்பான 5, 10, 20 நோட்டுகளாக மாற்றிக்கொண்டு போங்கள். சாமான் சீட்டின் துண்டை இறங்கியதும் கிழித்துப் போடாதீர்கள், வெளியே வரும்போது பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். விமான நிலையத்தில் படம் எடுப்பது தடை. செல்பியும் அதில் அடக்கம்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம் வானிலை. காங்கோ ஆற்றுப் படுகை உலகிலேயே இடிமழை அதிகம் உருவாகும் இடங்களில் ஒன்று. கின்ஷாசாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே வறட்சி, மற்ற மாதங்களில் மழைக்காலம்தான். லுபும்பாஷியில் நவம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை மழை. காலை வெயிலில் நிலம் சூடேறி, பிற்பகலில் மேகம் 15 கி.மீ. உயரத்துக்கும் மேலே வளரும். ஜெட் பறப்பது 10 முதல் 12 கி.மீ. உயரத்தில். மேலே தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். சுற்றினால் பத்து, இருபது நிமிடம். இறங்கும் ஊருக்கு மேலேயே மேகம் நின்றால் வட்டமடிப்பு, இல்லையேல் வேறு ஊரில் இறக்கம். முடிந்தவரை நாளின் முதல் விமானத்தைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராக ஓடும். காலையில் எங்கோ விழுந்த ஒரு மணி தாமதம் மாலை விமானத்தில் நாலு மணியாக வளர்ந்திருக்கும்.

லுபும்பாஷிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கின்ஷாசா விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 313 மீட்டர், ஓடுதளம் 4,700 மீட்டர். லுபும்பாஷி 1,309 மீட்டர் உயரம், ஓடுதளம் 3,200 மீட்டர். மழைக்கு முந்திய அக்டோபரில் அங்கே வெயில் 33 டிகிரியைத் தொடும். உயரமும் சூடும் சேர்ந்தால் காற்று மெலிந்துபோகிறது. அந்தப் பிற்பகலில் விமானத்துக்கு அது 2,200 மீட்டருக்கு மேல் உள்ள மலை நிலையம் மாதிரி. இறக்கைக்குத் தூக்கும் விசை குறைவு, இயந்திரத்துக்கு உந்துவிசை குறைவு. நிறைய ஆளும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டுமென்றால் எடையை எங்காவது குறைத்தாக வேண்டும், முதலில் கழற்றப்படுவது சாமான்தான். 'பெட்டி அடுத்த விமானத்தில் வரும்' என்பதற்குப் பின்னால் பல சமயம் இந்தக் கணக்கு இருக்கிறது. மருந்து, ஆவணம், ஒரு மாற்றுடுப்பு இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தால் ஜூன், ஜூலை இரவுகளில் லுபும்பாஷி பத்து டிகிரிக்கும் கீழே போகும். கின்ஷாசாவின் புழுக்கத்தைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே போய்த்தான் வாங்குவார்கள்.

தரை வழி உண்டா? வரைபடத்தில் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 1 கின்ஷாசாவிலிருந்து கிக்விட், ட்ஷிகாபா, கனங்கா, முபுஜி-மாயி, கொல்வேசி, லிகாசி வழியாக லுபும்பாஷி போகிறது. 2,300 கி.மீ.-க்கு மேல். கின்ஷாசாவிலிருந்து கிக்விட் வரை தார்ச்சாலை, கொல்வேசியிலிருந்து லுபும்பாஷி வரையும் தார்ச்சாலை. நடுவில் கசாய் பகுதியின் மணலும் சேறும். மழைக்காலத்தில் லாரிகள் வாரக்கணக்கில் புதைந்து நிற்கும் பாதை அது. ரயிலும் முழுசாக இல்லை. லுபும்பாஷியிலிருந்து வரும் தண்டவாளம் கமினா, கனங்கா வழியாக இலேபோ வரை வந்து கசாய் ஆற்றங்கரையில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து கின்ஷாசாவுக்குப் படகு. இலேபோவுக்கும் கின்ஷாசாவுக்கும் இடையே தண்டவாளம் இன்றுவரை போடப்படவே இல்லை. நாட்டின் முதல் இரண்டு பெருநகரங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலை விஷயமாகப் போகிறவருக்கு விமானம் தவிர வேறு வழியில்லாத நிலை இதனால்தான்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. வேலை முழுக்க லுபும்பாஷியில்தான் என்றால் கின்ஷாசா வழியே போவதே சுற்று. அடிஸ் அபாபாவிலிருந்து லுபும்பாஷிக்குச் சுமார் 2,600 கி.மீ. அடிஸ் அபாபாவிலிருந்து கின்ஷாசாவுக்கோ கிட்டத்தட்ட 2,980 கி.மீ., அங்கிருந்து மறுபடி 1,553. மொத்தம் 4,500-ஐத் தாண்டும். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் அடிஸ் அபாபாவிலிருந்து நேரே லுபும்பாஷிக்குப் பறக்கிறது. ஜாம்பியா பக்கமிருந்து கசும்பலேசா எல்லை வழியாகவும் வரலாம், எல்லையிலிருந்து லுபும்பாஷி சுமார் 90 கி.மீ. தாமிர லாரிகளின் வரிசை அங்கே கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் என்பதால் அரை நாளை அதற்கே ஒதுக்க வேண்டும், காங்கோ விசாவும் கையில் இருக்க வேண்டும். கின்ஷாசாவில் வேலை இருக்கிறது, வேறு வழியில்லை என்றால், திரும்பும்போது லுபும்பாஷி விமானத்துக்கும் கின்ஷாசாவிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானத்துக்கும் நடுவே ஓர் இரவு விட்டுவிடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதலாவது தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.